ஆறு மாதம் என்று நான் சொன்னது

காலை எடுக்க வேண்டும் என்று சர்ஜன் சொன்னதும் அந்த ஆள் மேஜைமேல் இருந்த ஸ்டீல் ட்ரேயை எடுத்து வீசினான். குறி சர்ஜனுக்கு. அவர் குனிந்துகொண்டார். அவருக்குப் பின்னால் ரத்தம் எடுக்கிற கண்ணாடிக் குழாய்களோடு நின்றிருந்த என் புருவத்தில் வந்து அடித்தது. கண்ணுக்குள் சூடாக ஏதோ இறங்கிய பிறகுதான் அது என் ரத்தம் என்று புரிந்தது.

அவன் அதோடு நிற்கவில்லை. நொண்டிக்கொண்டே எழுந்து சர்ஜனின் காலரைப் பிடித்துச் சுவரில் சாய்த்தான்.

"கால எட்த்துட்டு நான் இன்னா பண்றது? மொதல்ல உன் கால எடு, பாக்கலாம்."

இரண்டு அட்டெண்டர்கள் சேர்ந்து அவனைக் கீழே தள்ளி, ஒருவர் நெஞ்சின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவன் மனைவி சுவரோரமாக நின்றிருந்தாள். ஓடி வரவில்லை, அழவில்லை. அவன் கைக்கு எட்டாத தூரத்தில் நிற்கிறோமா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. வேலூரில் ஒரு பெரிய மருத்துவமனையின் நோய்க்குறியியல் துறையில் டெக்னீஷியனாக இருந்தேன். வயது இருபத்தைந்து. அவனை 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை.

ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் அவனுக்கு வேலை. பச்சைத் தோலில் ஒட்டியிருக்கும் சதையைச் சீவுகிற வேலை. குதிகாலில் கறுப்பாக ஒரு புள்ளி வந்ததை முதலில் சாயக் கறை என்று நினைத்திருக்கிறான். தேய்த்தும் போகாததால் கால் ஆணி என்று முடிவு செய்து, தோல் சீவும் கத்தியாலேயே அதைச் செதுக்கி எடுத்திருக்கிறான். மறுபடி வந்தது. மறுபடி செதுக்கினான். மூன்றாவது முறை வந்தபோது ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக, புண்ணாக, நீர் வடிந்துகொண்டு வந்தது. எங்களிடம் வரும்போது தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது.

அது மெலனோமா. தோலுக்கு நிறம் கொடுக்கிற அணுக்களில் வருகிற புற்றுநோய். நம் ஊரில் அபூர்வம். வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலிலும் குதிகாலிலும் வரும். யாரும் பார்க்காத இடம் என்பதால் முற்றிய பிறகுதான் தெரியும். எங்கள் துறைப் பேராசிரியை அந்தச் சில பேரைப் பற்றித்தான் ஆய்வு செய்துகொண்டிருந்தார். யார் பிழைப்பார், யார் சீக்கிரம் போவார் என்பதை முன்கூட்டியே எது சொல்லும் என்பது அவருடைய கேள்வி. கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதா? அல்லது அதை எதிர்க்க உடம்பு எவ்வளவு ஆட்களை அனுப்பியிருக்கிறது என்பதா? அந்த ஆட்களுக்கு லிம்ஃபோசைட் என்று பெயர். கண்ணாடித் துண்டில் சாயம் ஏற்றினால் சின்னச் சின்ன நீலப் பொட்டுகளாகத் தெரியும். அவற்றை எண்ணுவதுதான் என் வேலை.

புருவத்தில் போட்ட தையலோடுதான் அவனுடைய ஸ்லைடைப் பார்த்தேன். கறுப்பு அணுக்கள் ஆழமாக இறங்கியிருந்தன. அளந்து எழுதியபோது எனக்கே திக்கென்றது. ஆனால் அந்தக் கறுப்பைச் சுற்றி நீலம் வளைத்திருந்தது. ஓரத்தில் மட்டுமல்ல, நடுவிலும் புகுந்து, கறுப்பு அணுக்களைத் தனித்தனியாகச் சூழ்ந்து பிய்த்துக்கொண்டிருந்தது. பல இடங்களில் எண்ணவே முடியவில்லை.

பேராசிரியை மேடத்தைக் கூப்பிட்டேன். வெகுநேரம் பார்த்தார்.

"இவ்ளோ கூட்டம் நான் பாத்ததே இல்ல. ஆனா ஆழமும் ஜாஸ்தி. நெறி வேற கட்டியிருக்கு. எது ஜெயிக்கும்னு யாருக்குத் தெரியும்?"

காலை எடுக்க அவன் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. குதிகால் சதையை அகலமாக வெட்டி எடுத்துவிட்டு, தொடையிலிருந்து தோலை உரித்து அங்கே ஒட்டுவது என்றும், தொடை இடுக்கைச் சுத்தம் செய்வது என்றும் முடிவாயிற்று. தை மாதம் ஒரு காலையில் ஆபரேஷன். தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் அவன் மனைவி தனியாக உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிறவள். வெள்ளைக் கோட்டு போட்ட பெண்கள் எல்லாரும் அவளுக்கு சிஸ்டர்தான்.

"சிஸ்டர், எவ்ளோ நாளு இருப்பாரு?"

"ஆபரேஷன் நல்லபடியா முடியட்டும். கடவுள வேண்டிக்குங்க."

"வேண்டிக்குனுதான் இருக்கேன். சீக்கிரமா போய்டணும்னு."

நான் அவளை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். ஒரு காது மடல் கிழிந்து இரண்டாகத் தொங்கியது. கம்மலோடு பிடித்து இழுத்தானாம். முந்தானையைக் கொஞ்சம் விலக்கி முதுகைக் காட்டினாள். பெல்ட்டின் பக்கிள் விழுந்த இடங்கள் வரிசையாக இருந்தன. சில பழசு, சில அந்த வாரத்தியவை.

"எங்க அக்கா வூடு நாட்றம்பள்ளில. ரெண்டு வாட்டி பொண்ணத் தூக்கிக்குனு போய்ட்டேன். ரெண்டு வாட்டியும் பஸ் ஸ்டாண்ட்ல வெச்சே முடியப் புடிச்சி இழுத்துக்குனு வந்துட்டாரு. இன்னொரு வாட்டி போனா அக்கா வூட்டுக்கு நெருப்பு வெப்பேன்றாரு. வெக்கிற ஆளுதான் சிஸ்டர். அதான் கேக்குறேன். இவ்ளோ நாள்தான்னு தெரிஞ்சா, பல்லக் கடிச்சிக்குனு இருந்துடுவேன்."

எனக்கு அதைச் சொல்ல அதிகாரம் கிடையாது. டாக்டரும் இல்லை. ஆனால் அந்த ஆழம் எனக்கு மனப்பாடமாகத் தெரியும். அந்த ஆழத்தோடு நெறியும் கட்டி வந்தவர்களில் பெரும்பாலோர் எவ்வளவு நாள் இருந்தார்கள் என்று எங்கள் பதிவேட்டில் நானே எழுதியிருக்கிறேன். அவள்மேல் இரக்கம் வந்தது உண்மை. புருவம் வலித்துக்கொண்டிருந்ததும் உண்மை. அவன் சாகப்போகிறான் என்று சொல்வதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

"ஆறு மாசம். அதுக்கு மேல தாங்காது."

அவள் விரல் மடக்கி எண்ணினாள். "அப்போ ஆடி," என்றாள்.

தொடக்கத்தில் இரண்டு முறை அவனைச் செக்கப்புக்கு அழைத்து வந்தாள். ஒட்டிய தோல் பிடித்திருந்தது. ஆனால் அது குதிகால் தோல் இல்லை, தொடைத் தோல். சின்னதாக இடித்தாலும் கிழியும். தினமும் கழுவி, மருந்து வைத்து, பஞ்சு சுற்றிக் கட்ட வேண்டும். அதை அவள்தான் செய்தாள். கட்டும்போது வலித்தால் அந்தக் காலாலேயே அவள் முகத்தில் உதைப்பான் என்று நர்ஸ் ஒருவர் சொன்னார். பிறகு அவர்கள் வருவது நின்றுவிட்டது. துறையிலிருந்து கார்டு போட்டோம். பதில் இல்லை. உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத ஒவ்வோர் ஆளும் ஆய்வில் ஒரு ஓட்டை என்று மேடம் சொல்வார். அதனால் ஆவணி பிறந்ததும் ஒரு சனிக்கிழமை நானே பஸ் ஏறினேன்.

அவன் இறந்திருப்பான் என்றுதான் போனேன். பஸ்ஸில், துக்கம் விசாரிப்பதா, 'இனிமேல் நிம்மதியா இருங்க' என்பதா என்று யோசித்துக்கொண்டு போனதுகூட நினைவிருக்கிறது.

தோல் ஷாப்புக்குப் பின்னால் ஒரே சுவரில் வரிசையாக எட்டு வீடுகள். முன்னால் பச்சை நீலமாகச் சாக்கடை ஓடியது. மூன்றாவது வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவன் உட்கார்ந்திருந்தான். முன்பைவிடச் சதை பிடித்திருந்தான்.

"இன்னாம்மா, செத்துட்டேனான்னு பாக்க வந்தியா?"

நான் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உதட்டைச் சுற்றித் தோல் பால்போல வெளுத்திருந்தது. கண் இமைகளிலும் விரல் நுனிகளிலும் அதே வெளுப்பு. ஒரு பக்கத்துக் கண்மயிர்கூட வெள்ளை. லுங்கியைத் தொடைவரை வழித்துக் காட்டினான்.

"இங்க மறுபடியும் கறுப்பா மூணு நாலு கட்டி வந்துச்சி. அதுவாவே போய்ட்ச்சி. நான் ஒண்ணும் பண்ணல."

கட்டி இருந்த இடங்களில் சாம்பல் நிறத்தில் தழும்புகள் மட்டும் இருந்தன. சுற்றிலும் வெள்ளை வளையம்.

தண்ணீர் கொண்டு வரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தான். அவன் மனைவி வந்தாள். இடது கையில் மூங்கில் பத்தை வைத்துப் புத்தூர்க் கட்டு கட்டியிருந்தது. வலது கையில் சொம்பு. என்னைப் பார்த்ததும் கை ஆடி, கொஞ்சம் தண்ணீர் அவன் மடியில் சிந்தியது. அவன் எழுந்திருக்கக்கூட இல்லை. உட்கார்ந்தபடியே அவள் முடியைப் பிடித்து நிலைப்படியில் மோதினான். ஒருமுறை. பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே இன்னொரு முறை. மரத்தில் நெற்றி படுகிற சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கும்.

நான் அவன் கையைப் பிடித்து இழுத்தேன். முழங்கையால் ஒரே இடி. சாக்கடை ஓரத்தில் போய் விழுந்தேன். அடுத்த வீட்டில் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளேயிருந்து ஒன்பது வயதுப் பெண் வந்து, உருண்ட சொம்பை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள். யார் முகத்தையும் அவள் பார்க்கவில்லை.

"சோத்துல இவ இன்னாவோ கலந்துட்டா," என்றான் அவன். "அதான் தோலு வெளுக்குது. குஷ்டம்னு சொல்லி ஷாப்புல ஒருத்தனும் நான் தொட்ட தண்ணியக் குடிக்க மாட்றான். வேலைக்கி வராதன்னுட்டாங்க. எல்லாம் இவளால."

இது குஷ்டம் இல்லை, யாருக்கும் ஒட்டாது, ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று ஏதோ சொல்லிவிட்டு எழுந்தேன். வழி காட்டுகிற சாக்கில் அவள் ரோடுவரை என்னோடு வந்தாள். நெற்றி வீங்கிக்கொண்டிருந்தது.

"ஆடி போய்ட்ச்சி, சிஸ்டர்."

நான் அவள் கட்டுப் போட்ட கையைப் பார்த்தேன்.

"நீங்க சொன்னீங்கன்னுதான் இருந்தேன். இந்தக் கை ஆடி அமாவாசைக்கி மறுநாள் ஒடஞ்சிது. அப்பகூட, இன்னும் கொஞ்ச நாள்தானேன்னு நெனச்சிக்கினேன்."

திங்கட்கிழமை காலை மேடத்திடம் வெள்ளைத் திட்டுகளைப் பற்றிச் சொன்னேன். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"கட்டியில இருக்கிற அணுவும் தோலுக்கு நிறம் குடுக்கிற அணுவும் ஒரே வம்சம். லிம்ஃபோசைட் அதை அடையாளம் கண்டுக்கிச்சு. கட்டியைக் கொல்லப் போனது, வழியில இருக்கிற நல்ல தோலையும் சேத்துக் கொல்லுது. தோல் ஷாப்பு கெமிக்கல்லகூட வெளுக்கலாம், அதையும் பாக்கணும். ஆனா கட்டி தானா கரைஞ்சிருக்குன்னா, அவன் உடம்பு ஜெயிக்குது. உடனே வரச் சொல்லு."

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை. அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில்தான் மீதியைச் சொன்னேன். பெஞ்சில் அவள் கேட்டது, நான் சொன்னது, நிலைப்படி, உடைந்த கை. அவர் மெல்ல உட்கார்ந்தார்.

"யாரு உன்ன சொல்லச் சொன்னது?"

"யாரும் சொல்லல மேடம்."

"ஆழம் சொல்றது நோயாளிங்க மொத்தக் கூட்டத்தைப் பத்தி. அந்தக் கூட்டத்துல இவன் எங்க நிக்கிறான்னு அதுக்குத் தெரியாது. எனக்கே தெரியாது. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" பிறகு, "போய் உண்மையைச் சொல்லிட்டு வா. அவன் பல வருஷம் இருக்கலாம்னு சொல்லு. எவ்ளோன்னு தெரியாதுன்னும் சொல்லு," என்றார்.

மறுநாள் சாயங்காலம் ஷூ கம்பெனி கேட்டில் நின்றேன். ஷிப்ட் விட்டுப் பெண்கள் வேன்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். கட்டுப் போட்ட கையோடும் அவள் வேலைக்கு வந்திருந்தாள்; ஒரு கையால் செய்கிற வேலையாக மாற்றிக் கொடுத்திருந்தார்கள். ஓரமாக அழைத்துப் போய்ச் சொன்னேன். நான் சொன்னது தப்பு, அவர் உடம்பு நோயை ஜெயித்துக்கொண்டிருக்கிறது, அவர் சாவதற்காகக் காத்திருக்காதீர்கள் என்றேன்.

முழுக்கக் கேட்டாள். பிறகு நல்ல கையால் என் கன்னத்தில் அறைந்தாள். நடந்துகொண்டிருந்த பெண்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள்.

"எத்தினி வருசம்?"

"தெரியாது."

"ஆறு மாசம்னு மட்டும் தெரிஞ்சிதா?"

வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவள் என்னோடு பேசியது அதுதான் கடைசி.

நான்காம் நாள் அவனை அவன் தம்பிகள் இருவரும் ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தார்கள். குதிகாலில் ஒட்டிய தோல் மொத்தமாகக் கிழிந்து, எலும்பு வெளியே தெரிந்தது. கணுக்காலுக்கு மேல் முறிவு. வாக்குமூலம் எழுத வந்த கான்ஸ்டபிள்தான் நடந்ததைச் சொன்னார்.

"அந்தம்மாவே பொண்ணு கையப் புடிச்சிக்குனு ஸ்டேஷனுக்கு வந்துட்டாங்க. புருசன அடிச்சிட்டேன், எழுதிக்கங்கன்னு சொன்னாங்க."

பெல்ட்டால் அடித்துக் கீழே தள்ளியிருக்கிறான். தரையில் விழுந்தவளுக்கு முகத்துக்கு நேராக அந்தக் குதிகால் இருந்திருக்கிறது. ஏழு மாதமாகத் தினமும் அவளே கழுவிக் கட்டிய குதிகால். அதன் தோல் எவ்வளவு மெல்லிசு, எங்கே தொட்டால் உயிர் போகும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் உலகத்தில் யாரும் இல்லை. பக்கத்தில் கிடந்த அம்மிக் குழவியை ஒற்றைக் கையால் எடுத்து அதன்மேல் போட்டிருக்கிறாள். அவன் சுருண்டு விழுந்ததும் கணுக்கால்மேல் இன்னும் இரண்டு முறை.

"அடிக்கச் சொல்லோ ஒரே பேச்சுதானாம்," என்றார் கான்ஸ்டபிள். "'நீ சாவ மாட்டியாம், சிஸ்டரு சொல்லிட்டாங்க. நீ சாவ மாட்டியாம்'னு சொல்லிச் சொல்லி அடிச்சிருக்காங்க."

அவனிடம் புகார் கேட்டபோது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். "தொட்டியாண்ட வழுக்கி விழுந்துட்டேன். அப்டியே எழுதிக்கோ," என்றான். பெண்டாட்டி கையால் அடி வாங்கினேன் என்று கையெழுத்துப் போட அவனால் முடியவில்லை. அந்த வெட்கம்தான் அவளை வழக்கிலிருந்து காப்பாற்றியது. அன்றைக்கே மகளோடு நாட்றம்பள்ளி போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து ரத்தம் எடுக்க அவன் வார்டுக்குப் போனேன். வேறு யாரையாவது அனுப்புகிறேன் என்று மேடம் சொன்னார். நான்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். அவன் அமைதியாகக் கையை நீட்டினான். குனிந்தபோது அதே கையால் என் கழுத்தைப் பிடித்தான்.

"நீதானடி அவளுக்குச் சொன்னது."

வெளுத்த விரல்கள் தொண்டையில் இறங்கின. மூச்சு நின்றது. என் கையில் கண்ணாடிக் குழாய்கள் செருகிய தாங்கி இருந்தது. அதை வைத்தே அவன் காதோரம் அடித்தேன். கண்ணாடி உடைந்தது. அவன் பிடி விட்டுப்போனது எனக்குத் தெரியும். தெரிந்தும் மறுபடி அடித்தேன். மூன்றாவது முறை ஓங்கியபோது நர்ஸ்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். தலையணை முழுக்க ரத்தம். அதில் என் உள்ளங்கை ரத்தமும் கொஞ்சம் இருந்தது. கழுத்தில் கை வைத்ததற்காக அடித்தேன் என்று விசாரணையில் எழுதிக் கொடுத்தேன். முதல் அடிக்கு அது சரி. இரண்டாவது அடி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

காயத்துக்குத் தையல் போடும்போதே, அவன் சம்மதத்தோடு, வெள்ளைத் திட்டின் ஓரத்திலிருந்து சின்னதாக ஒரு துண்டு எடுத்தார்கள். கழுத்தில் விரல் தடங்களோடு அதை மெழுகில் பதித்து, சீவி, சாயம் ஏற்றினேன். வெள்ளைப் பக்கத்தில் நிறம் கொடுக்கிற அணு ஒன்றுகூட இல்லை. எல்லைக்கோட்டில், மீதமிருந்த கொஞ்சத்தை நீலப் பொட்டுகள் சுற்றி வளைத்துக் கொன்றுகொண்டிருந்தன. மேடம் பக்கத்தில் நின்று பார்த்தார். இந்த முறை முகத்தில் அந்தச் சந்தோஷம் இல்லை. "நல்ல ஸ்லைடு," என்று மட்டும் சொல்லிவிட்டு என் தோளில் கை வைத்தார்.

கால் கூடி நடக்க அவனுக்கு வெகுநாள் ஆயிற்று. நடக்க வந்ததும் தம்பிகளோடு நாட்றம்பள்ளிக்குப் போனான். கையில் மண்ணெண்ணெய் கேன். அங்கே தெருவே இறங்கி வந்து மூன்று பேரையும் கல்லால் அடித்துப் பஸ் ஏற்றி அனுப்பியது. அப்போது உடைந்த பற்களோடுதான் அந்த வருடச் செக்கப்புக்கு வந்தான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போனதாகத் தெரியவில்லை.

ஆனால் சாகவில்லை. புது நூற்றாண்டு பிறந்தது. அவன் ஒவ்வொரு வருடமும் வந்தான். முகத்தில் பாதி வெளுத்தது, பிறகு முழுவதும். தம்பி வீட்டில் ஓர் ஓரத்தில் இருந்தான். தம்பி மனைவி அவனுக்குத் தனித் தட்டு வைத்திருந்தாள். மேடத்தின் ஆய்வு முடிந்தது. ஆழம் முக்கியம்தான், ஆனால் உடம்பு அனுப்புகிற கூட்டத்தைக் கணக்கில் எடுக்காமல் யாருக்கும் நாள் குறிக்கக் கூடாது என்பதுதான் அதில் அவர் எழுதியதன் சாரம். அவர் கடுமையாகத் திருத்தித் திருத்தி எழுதிய பத்தி அது. அதில் அவனுக்கு ஒரு வரி இருந்தது. அவளுக்கு இல்லை, இருக்கவும் முடியாது.

நான் வேலையை விடுவதற்கு முந்தைய வருடம் வாணியம்பாடி ஸ்டேஷனில் அவளைப் பார்த்தேன். காலை நேரம். தோளில் கம்பெனிப் பை, பக்கத்தில் அவளைவிட உயரமாக வளர்ந்த மகள். இடது கை கொஞ்சம் கோணலாகக் கூடியிருந்தது. கிழிந்த காதைத் தைத்திருந்தாள். நான் பிளாட்பாரத்தில் பத்தடி தூரத்தில் நின்றேன். அவள் என்னைக் கண்டுகொண்டாள். மன்னிப்பு என்ற சொல் என் வாய்வரை வந்தது. அவள் மகளின் தோளைத் தொட்டுப் பெண்கள் பெட்டி நிற்கும் இடத்துக்கு நகர்ந்துபோனாள். வண்டி வந்தது. இருவரும் ஏறிக்கொண்டார்கள். நானும் அதே வண்டியில்தான் போக வேண்டியிருந்தது. அடுத்த வண்டிக்காக உட்கார்ந்துவிட்டேன்.